பனிக்காலத்தில் தெற்கே, உறவினர் முற்றங்கள் வழியாக

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

வன்னியில் இன்று வெளிநாட்டு உறவு இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. அந்த உறவுகளுள் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சிலர், கார்த்திகை பிறந்ததும் ரொறன்ரோ வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் எல்லாம் உள்ளேயே அமைந்த மோட்டார்ஹோம் என்னும் வாகனத்தில் ஏறித் தெற்கே புளோரிடாவுக்குப் போய், பங்குனி முடியும் தறுவாயில்தான் திரும்பி வருகிறார்கள். தொலைபேசியில் இதைக் கேட்கும் இங்குள்ள பெரியவர்கள், நல்ல கல்வீடு இருக்க இவர்கள் ஏன் வாகனத்தில் குடியிருக்கிறார்கள் என்று வியப்பார்கள்; சிலர் கவலைப்படவும் செய்வார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான், என் மனைவியோடு தம்பி குடும்பத்தின் வாகனத்தில் அத்தகைய பயணம் ஒன்றைச் செய்தவன். குளிரிலிருந்து தப்புவது இந்தப் பயணத்துக்கு எல்லோரும் சொல்லும் காரணம். ஆனால், வழிநெடுக உள்ள உறவினர் வீடுகளில், அவர்களுக்குப் பாரமாகாமல் நாட்கணக்கில் தங்க முடிவதே அதன் பெரிய பயன் என்பது நான் கண்டு கொண்ட கருத்து.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தை மாதத்து ரொறன்ரோவில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழேதான் இருக்கும். அதே நாட்களில் மயாமியில் பகல் வெப்பம் 24, 25 பாகை செல்சியஸ் ஆகும். முழங்கால் நோவு உள்ள முதியவருக்கு அங்கே குளிரைவிடத் தெருவில் உறைந்து கிடக்கும் பனிதான் பெரிய எதிரி. ஒருமுறை சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த ஆண்டு முழுவதும் வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடும். ஆகவே வசதி உள்ளவர்கள் தெற்கே போவதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை.

பாதை எளிமையானது. ரொறன்ரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே வின்சர் நகருக்குப் போய், 1929இல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலத்தால் டிற்றொயிற்றுக்குக் கடந்து, அங்கிருந்து 75ஆம் இலக்கப் பெருந்தெருவைப் பிடித்தால், ஒஹாயோ, கென்ரக்கி, ரெனெசி, ஜோர்ஜியா ஆகிய மாநிலங்களைத் தாண்டிப் புளோரிடாவுக்குள் இறக்கிவிடும். மொத்தத்தில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையான நமது ஏ-9 வீதியைப் போல ஆறு மடங்குக்கும் அதிகம். எல்லையில் உணவுப் பொருட்களைச் சோதிப்பார்கள். நம்மவர்கள் அங்கே முதலில் பறிகொடுப்பது கறிவேப்பிலையைத்தான். எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைக் காவும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால், பச்சை இலையை உள்ளே விடமாட்டார்கள். தோடைத் தோட்டங்களால் பெயர்பெற்ற புளோரிடாவுக்குப் போகிறவர்கள் இதற்காக அதிகாரிகளோடு வாதாடுவது நியாயமன்று.

இந்த வாகனத்தில் வாழ்வதற்கு நீர், மின்சாரம், எரிவாயு, கழிவு என்ற நான்கையும் நாள்தோறும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நீர்தான் முதற் சிக்கல். குழாயில் நீர் நிற்கும்போது உறைந்தால் அது விரிந்து குழாயை வெடிக்கச் செய்துவிடும். ஆதலால் ரொறன்ரோவிலிருந்து புறப்படும்போது தாங்கியையும் குழாய்களையும் முற்றாக வடித்து, நச்சுத்தன்மையற்ற இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களுக்குள் செலுத்தியிருப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாட்களும் போத்தல் நீரில்தான் பல் துலக்கலும் தேநீரும். ஜோர்ஜியாவை அடைந்து, இரவிலும் உறைபனி இல்லை என்று உறுதியான பிறகே, திரவத்தைக் கழுவி வெளியேற்றித் தாங்கியில் நல்ல நீரை நிரப்புவார்கள். அன்றைக்கு முதன்முதலாகக் குழாயைத் திறந்து முகம் கழுவும்போது வருகின்ற மகிழ்ச்சி, கிணற்றடியில் வளர்ந்த நமக்கு நன்றாகவே விளங்கும்.

குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஒரு தாங்கியிலும், மலசலகூடக் கழிவு வேறொரு தாங்கியிலும் சேர்கின்றன. இவற்றை இதற்கென அமைந்த வெளியேற்றும் இடங்களில் மட்டுமே திறக்கலாம்; முதலில் மலசலகூடத் தாங்கியைத் திறந்து, பின்னர் மற்றதைத் திறந்தால், குளித்த நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். அடுப்புக்கும் சூடாக்கிக்கும் புறொப்பேன் வாயு பயன்படுகிறது. எனவே எரிவாயு ஏற்றிய வாகனங்களைச் சில சுரங்கப் பாதைகள் அனுமதிப்பதில்லை. வாயு சரியாக எரியாவிட்டால் மணமற்ற காபனோரொட்சைட்டு பரவி உறங்குபவரைக் கொன்றுவிடும் என்பதால், அதைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி படுக்கை அருகே கட்டாயம் இருக்க வேண்டும். எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி, வாகனம் சரிந்து நின்றால் சரியாக வேலை செய்யாது, நாளடைவில் பழுதடைந்தும் விடும். என் தம்பி நீரிழிவு நோயாளி. இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டியிருந்ததால், எங்கே நின்றாலும் மட்டக்கருவியை வைத்துச் சில்லுகளுக்குக் கீழே பலகைகளை அடுக்கிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பான். மச்சாள் அதைக் கேலி செய்வதுண்டு. ஆயினும் அந்தப் பழக்கம் சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

இனி உறவினர் வீடுகளுக்கு வருகிறேன். விமானத்தில் போனால் ஒருவர் வீட்டில் இறங்கி, அவர்களுடைய பிள்ளையின் அறையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வேலைக்குப் போகும் நேரத்துக்கு நாமும் எழும்பி, குளியலறைக்கு முறை பார்த்து நிற்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் அவர்கள் முகத்தில் சிரிப்பு இருந்தாலும் களைப்பும் இருக்கும். வாகனத்தில் போகிறவர் அவர்களுடைய வாசலில் நிறுத்தி, இரவுச் சாப்பாட்டை எல்லோருடனும் உண்டு, பேசியிருந்துவிட்டுத் தன் படுக்கைக்குத் திரும்பிவிடுகிறார். அந்தப் பிள்ளை தன் அறையில் உறங்குகிறது. வீட்டுக்காரர் காலையில் நம்மை எழுப்பாமலே வேலைக்குப் போகிறார். இரண்டு நாள் என்று வந்தவர்கள் ஒரு வாரம் தங்கினாலும் எவருக்கும் மனக்கசப்பு வருவதில்லை.

ஆனால் நமது வழக்கப்படி இது இலேசாக நடந்துவிடுவதில்லை. அற்லாண்டாவில் இருக்கும் எங்கள் ஒன்றுவிட்ட அக்கா, நாங்கள் இரவு வாகனத்துக்குள் போகப் புறப்பட்டபோது, “என்ர வீட்டில உங்களுக்குப் படுக்க இடமில்லையோ, தெருவில படுக்கிறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்று கேட்டுக் கண் கலங்கிவிட்டா. விருந்தினருக்குப் பாய் விரித்துக் கொடுப்பது நமக்குக் கடமையாக இருந்த காலத்தில் வளர்ந்தவர், அதை மறுப்பதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார். அத்தான்தான் வழி காட்டினார்: முதல் இரவு வீட்டுக்குள் படுப்பது, அடுத்த நாள் காலைத் தேநீருக்கு வீட்டுக்காரரை வாகனத்துக்குள் அழைப்பது. அக்கா உள்ளே வந்து, எங்கள் சிறிய அடுப்பில் கொதித்த தேநீரைக் குடித்து, அலுமாரிகளைத் திறந்து பார்த்த பிறகு, இரவில் அங்கே படுப்பதைப் பற்றி மறுபேச்சு இருக்கவில்லை. தெற்கே போகும் நம்மவர் எவருக்கும் இந்த ஒழுங்கையே நான் சொல்வேன்.

சில நகரங்களில் வீட்டு வாசலில் இத்தகைய வாகனத்தைப் பல நாட்கள் நிறுத்துவதை நகரசபைச் சட்டம் தடுக்கிறது. வீட்டுச் சுவரிலுள்ள சாதாரணச் செருகியில் மின்கம்பி கொடுத்தால் விளக்கும் பற்றரியும் இயங்கும்; குளிரூட்டியைப் போட்டால் ஆளி விழுந்துவிடும்.

செலவு மிச்சப்படும் என்று எவரும் எண்ண வேண்டாம். வான் வடிவிலான சிறிய வகை 100 கிலோமீற்றருக்கு 12 முதல் 16 லீற்றர் எரிபொருளைக் குடிக்கும். பஸ் அளவுள்ள பெரிய வகைக்கு 30 லீற்றரும் போதாமல் போகலாம். அத்துடன் தரிப்பிடக் கட்டணம், காப்புறுதி, தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும் ரயர்கள் என்பனவும் உண்டு. ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதியை இழக்காமல் இருக்க, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 212 நாட்களுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே தங்கக் கூடாது. பயண மருத்துவக் காப்புறுதியைத் தனியாக எடுக்காமல் அமெரிக்காவுக்குள் போவது வீடு வாசலைப் பணயம் வைப்பதற்குச் சமம். இரண்டு பேர் மட்டும் போவதானால் விமானமே மலிவாக முடியலாம்.

ஐரோப்பாவிலுள்ள நம்மவர்கள் ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையை நோக்கிப் போகிறார்கள். பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டு தைத்திங்கள் முதலாம் திகதியிலோ அதற்குப் பின்னரோ சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர், சாதாரண அனுமதியோடு 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட பெற்றோல், டீசல் வாகனத்தை ஓட்ட முடியாது என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். ஜேர்மனியில் ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கும், கெவலார் நகர மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கும் பல நாடுகளிலிருந்து நம்மவர் வந்து கூடுகிறார்கள்.

அதைச் சொல்லும்போது மடுவையும் வற்றாப்பளையையும் நினைக்காமல் இருக்க முடியாது. கூடாரம் போட்ட மாட்டு வண்டியில் அரிசி, பானை, பாய், வைக்கோல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, இடையிலுள்ள உறவினர் வளவுகளில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, வண்டிக்குக் கீழே உறங்கி, மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கும், கண்ணகை அம்மனின் வைகாசி விசாகப் பொங்கலுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். உறவையும் பயணத்தையும் ஒன்றாகச் செய்வதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வன்னிக்கு வேறொரு நினைவும் உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளில் உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் ஏற்றிக்கொண்டு, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்து, பெட்டிக்குக் கீழே பிள்ளைகளைக் கிடத்தியவர்களுக்கு, வாகனத்தில் உறங்குவதை உல்லாசம் என்று சொன்னால் இலகுவில் மனம் ஒப்பாது. ஒஹாயோவில் முதல் இரவு என் மனைவி கண் மூடவில்லை. நாளைக்கு எங்கே நிற்பது என்பதையும் எப்போது திரும்புவது என்பதையும் நாமே தீர்மானிக்கிறோம் என்பது பழகிய பிறகுதான் அவவுக்கு உறக்கம் வந்தது.

இந்த ஏற்பாடு இங்கே பயன்படுமா என்று கேட்டால், பயன்படும் என்பேன். போருக்குப் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி கொண்டவை. அவற்றில் இரண்டு அறைகள்தான். வெளிநாட்டிலிருந்து நான்கு பேர் வந்தால் வீட்டுக்காரர் விறாந்தைக்குப் போய்விடுகிறார். தன் படுக்கையோடு வருகின்ற விருந்தினர் அந்தக் குடும்பத்துக்குப் பேருதவியாக இருப்பார். வளவு பெரிதாக இருப்பதால் நிறுத்துவதற்கும் இடமுண்டு. அங்குள்ள வாகனத்தையே கப்பலில் ஏற்றி வருவது வீண் வேலை: அவை தெருவின் வலப்பக்கம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை, வட அமெரிக்க மின்சாரம் 120 வோற்று, நமது மின்சாரம் 230 வோற்று. இங்கே வாடகைக்குக் கிடைக்கும் சிறிய படுக்கை வான்களோ, நல்ல ஹையேஸ் வான் ஒன்றில் செய்யும் மாற்றமோ போதும். மாற்றம் செய்பவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் பெற வேண்டும்.

காலத்தைத் தெரிந்தெடுப்பது முக்கியம். மார்கழியில் அங்கே குளிர் தாங்காமல் வருகிறவர்கள் இங்கே வாடைக்காற்று மழைக்குள் அகப்படுகிறார்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியதை நாம் மறக்கவில்லை. பாடசாலை விடுமுறைக்காக ஆடி, ஆவணியில் வருகிறவர்கள் கடும் வெயிலில் வாடுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிக் கவலையில்லாத ஓய்வுபெற்றவர்கள் மாசி, பங்குனியில் வந்தால், மழை ஓய்ந்து, குளங்களில் நீர் நிறைந்திருக்கும். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போகலாம், பூநகரியிலிருந்து மன்னார் வீதியால் இறங்கிக் கட்டுக்கரைக் குளத்தைப் பார்க்கலாம். இரவில் ஓட்டக் கூடாது. ஏ-9 வீதியில் கட்டாக்காலி மாடுகளும், காட்டோரத் தெருக்களில் யானைகளும் வெளிச்சத்துக்குள் திடீரென்று வந்து நிற்கும்.

வரவேற்கும் குடும்பங்களுக்கும் சில வேலைகள் உண்டு. தென்னைக்கும் பனைக்கும் கீழே வாகனத்தை நிறுத்த விட வேண்டாம்; தேங்காய் ஒன்று போதும் கண்ணாடி உடைவதற்கு. வெயிலில் நிற்கும் வானின் உள்ளே மதியம் இருக்க இயலாது என்பதால், கொஞ்சம் உயரமான கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு வைத்தால் குளிரூட்டியே தேவைப்படாது. வன்னியின் பல இடங்களில் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அதை வாகனத் தாங்கியில் நிரப்பினால் குழாய்கள் அடைபடும், ஆகவே சுண்ணாம்பு நீக்கிய நீரைக் கொடுங்கள். வாகன மலசலகூடத்துக்கு இரசாயனம் பாவிப்பவர்கள் அதை உங்கள் மலக்குழியில் ஊற்றினால், கழிவை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இறந்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படலை 10 அடி அகலமாவது இருக்கட்டும், ஒழுங்கைக்கு மேலே தாழ்ந்து நிற்கும் வேப்பங்கிளைகளை அவர்கள் வருவதற்கு முதல் வாரமே வெட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.