எட்டு வாரத்துக்குள் ஏன் விலகுகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபிரட்டர்னிட்டி என்று ஒன்று உண்டு. கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட மாணவர் சங்கம். 1776 டிசம்பரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் இதற்கெல்லாம் மூத்தது. நட்புக்காகவே கூடும் சங்கங்கள் 1825 முதல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் கிளைத்தன. தெற்காசிய மாணவர்களை மையமாகக் கொண்ட சங்கங்களும் 1990களில் தோன்றிவிட்டன. அதனால் அங்கே படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் தொலைபேசியில், "அம்மா, எனக்கு பிட் வந்திருக்கு, பிளெட்ஜ் பண்ணப் போறேன்" என்று சொல்லக்கூடும். பிட் என்பது சங்கம் தரும் அழைப்பு. பிளெட்ஜ் என்பது முழு உறுப்பினர் ஆவதற்கு முந்தைய காலம்; பல இடங்களில் ஆறு முதல் எட்டு வாரம்.

அந்தச் சில வாரங்களில்தான் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். கேட்டால் "நேரமில்லை" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்லும் காரணம். சேருமுன் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று பின்னால் தெரியவந்ததுதான் பெரும்பாலும் உண்மைக் காரணம்.

முதலில் பணம். அழைப்பு தரும் நாளில் மாதச் சந்தாவை மட்டும் சொல்வார்கள். பிறகு தேசியத் தலைமையகத்துக்கான சேர்க்கைக் கட்டணம் வரும், காப்பீட்டுத் தொகை வரும், டி-ஷர்ட், ஃபார்மல் விருந்து, கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு பருவத்துக்குச் சில நூறு டாலரில் முடியும் வளாகமும் உண்டு. ஆயிரத்தைத் தாண்டும் வளாகமும் உண்டு. தொகை பெரிது என்பதற்காக விலகுவதைவிட, மூன்றாவது முறை எதிர்பாராத பில் வந்ததும் விலகுபவர்களே அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே, சங்கத்தை நடத்தும் மூத்த மாணவர்களே, பிட் கொடுக்கும்போதே ஒரே தாளில் முதல் ஆண்டின் முழுச் செலவையும் எழுதிக் கொடுங்கள். எது கட்டாயம், எது விருப்பம், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதில் இருக்க வேண்டும். தவணை கேட்பவன் தலைவரிடம் தனியாகப் போய் நிற்கும்படி வைக்காதீர்கள். தவணை வசதி எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்டிருந்தால் யாருக்கும் கூச்சம் இல்லை.

அடுத்து நாட்காட்டி. இலையுதிர்ப் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. செப்டம்பரில் ஆள்சேர்ப்பு, மாத நடுவில் பிட். ஐந்தாறு வாரம் கழித்து, பிளெட்ஜ் காலம் உச்சத்தில் இருக்கும் அக்டோபரில், இடைத்தேர்வுகள் வந்து நிற்கும். பல வளாகங்களில், பழைய மாணவர்கள் திரும்பி வந்து கூடும் ஹோம்கமிங் விழாவும் அதே மாதம்தான். முதலாண்டு மாணவனுக்குக் கல்லூரித் தேர்வு எப்படியிருக்கும் என்பதே அப்போதுதான் தெரியவரும். மூன்றும் ஒரே வாரத்தில் மோதினால் அவன் விடக்கூடியது ஒன்றுதான், சங்கம். எனவே புதியவர்களுக்கான வேலைகள் அனைத்தும் சேர்ந்து வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சாப்டர், அதாவது அந்தக் கல்லூரியில் உள்ள சங்கக் கிளை, கூடும் கூட்டம் ஒன்று, புதியவர் வகுப்பு ஒன்று, மீதி நேரம் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதற்கு. இடைத்தேர்வு வாரத்தில் எதுவுமே வைக்க வேண்டாம். குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி இல்லாமல் பல சங்கங்களில் முழு உறுப்பினராக முடியாது. அதை எட்டாம் வாரத்தில் கண்டுபிடித்து என்ன பயன்? ஐந்தாம் வாரமே கேளுங்கள். ஒரு பாடத்தில் தடுமாறுகிறான் என்றால், அதே பாடத்தை முடித்த மூத்தவனை அவன் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது அண்ணன்–தம்பி ஏற்பாட்டை. புதியவன் ஒவ்வொருவனுக்கும் வழிகாட்டியாக ஒரு மூத்தவன்; அங்கே மூத்தவனை 'பிக்', புதியவனை 'லிட்டில்' என்பார்கள். யாருக்கு யார் பிக் என்பதை நான்காம் ஐந்தாம் வாரம்வரை மறைத்து வைத்து, விழா எடுத்து அறிவிப்பது பல சாப்டர்களில் வழக்கம். விழா இருக்கட்டும். ஆனால் விலக நினைப்பவன் அதற்கு முன்பே முடிவெடுத்துவிடக்கூடும். பிட்டை ஏற்ற 48 மணி நேரத்துக்குள் தற்காலிகமாக ஒருவரை ஒப்படையுங்கள். வாரம் ஒருமுறை இருவரும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் கடமை. நிரந்தர பிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இரு தரப்பிலும் ஐந்து பெயர் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் பிரபலமான ஒரே மூத்தவனைக் கேட்பார்கள்; அவனுக்கு நான்கு தம்பிகள் வாய்த்து, நால்வரையும் பார்க்க நேரமிருக்காது. மே மாதம் பட்டம் வாங்கிப் போகப்போகிறவனும் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவனே பொருத்தம்.

வேலையும் கொடுக்க வேண்டும். பாத்திரம் கழுவுவதையும் மூத்தவர்களுக்குக் கார் ஓட்டுவதையும் நான் வேலைக் கணக்கில் சேர்க்கவில்லை. புதியவர்கள் தலையில் மட்டும் அவற்றைக் கட்டினால் அது ஹேசிங், நம் ஊர்ப் பேச்சில் ராகிங். இரண்டாம் வாரத்தில் ஒரு குழுவில் இடம், இரண்டு வாரத்தில் முடியக்கூடிய ஒரு பொறுப்பு, செய்து முடித்ததும் சாப்டர் கூட்டத்தில் அவன் வாயாலேயே அறிக்கை. நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு அரங்கம் பதிவு செய்வது போன்ற சிறு காரியமே போதும்.

ராகிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கஷ்டப்பட்டுச் சேர்ந்தவன் விட்டுப் போகமாட்டான் என்று வாதிடுபவர்கள், 1959இல் உளவியலாளர்கள் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் வெளியிட்ட ஆய்வைத் துணைக்கு அழைப்பார்கள். அதில் 63 மாணவிகள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்வதற்காகச் சிலர் கூசவைக்கும் சொற்களை ஆய்வாளர் முன் வாய்விட்டுப் படித்தார்கள். சிலருக்கு லேசான சோதனை, சிலருக்குச் சோதனையே இல்லை. பிறகு எல்லோரும் கேட்டது, வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரித்த ஒரே ஒலிப்பதிவை. கடுமையான சோதனையைத் தாண்டியவர்களுக்கே அது அதிகம் பிடித்திருந்தது. ஆய்வு உண்மை. ஆனால் அது அளந்தது, கேட்டு முடித்த கையோடு அவர்கள் இட்ட மதிப்பீட்டை. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வகுப்பைத் தவறவிட்ட ஒருவன் அடுத்த ஆண்டும் சந்தா கட்டுவானா என்பதற்கு அதில் விடை தேடக் கூடாது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபிரட்டர்னிட்டி வீட்டில் நடந்த சேர்க்கை இரவில் மது குடிக்கவைக்கப்பட்டு, படியில் விழுந்த 19 வயது மாணவர் இறந்தார். அதற்கடுத்த ஆண்டு பென்சில்வேனியா தன் ராகிங் சட்டத்தைக் கடுமையாக்கியது. 2024 டிசம்பரில் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. பயத்தில் தங்கியிருப்பவனை உறுப்பினர் எண்ணிக்கையில் சேர்த்துப் பெருமைப்பட எதுவுமில்லை. பிளெட்ஜ் காலம் இல்லாமலும் சங்கம் நடத்தலாம்: லாம்ப்டா கை ஆல்ஃபா 1972இலேயே அதைக் கைவிட்டது, ஸீட்டா பீட்டா டௌ 1989இல், சிக்மா ஆல்ஃபா எப்சைலன் 2014இல்.

விலகப்போகிறவன் முன்கூட்டியே அடையாளம் காட்டுவான். தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராதவனை அன்றிரவே கூப்பிடுங்கள். அபராதம் பற்றிப் பேச வேண்டாம். "சாப்பிட்டியா, வா போகலாம்" என்றால் போதும். கூப்பிடுவது அவனுக்குப் பிடித்த ஆளாக இருக்கட்டும், பொறுப்பாளர் வேண்டாம். அப்படியும் விலகுகிறேன் என்றால் தடுக்காதீர்கள். எந்த வாரம் மனம் மாறியது, எதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேட்டு, திருப்பித் தர வேண்டிய பணத்தைத் தாமதமின்றிக் கொடுத்து அனுப்புங்கள்.

முழு உறுப்பினர் ஆன பிறகு காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். எட்டு வாரம் எல்லோரும் கவனித்தார்கள், சடங்கு முடிந்த மறுநாள் யாரும் கூப்பிடவில்லை. ஆகவே ஜனவரியில் கல்லூரி திறந்த முதல் வாரமே புதியவர் பட்டியலை மறுபடி எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்போது எந்தக் குழு, பிக்கோடு கடைசியாக என்றைக்குச் சாப்பிட்டான், இந்தப் பருவத்துக் கட்டணம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியுமா என்பதை எழுதுங்கள். எந்தப் பெயருக்கு எதிரே காலியாக இருக்கிறதோ, அவனை அன்றே அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.