விலை கம்மியான மாத்திரை கேட்குமா?

நேயர்களுக்கு வணக்கம். 26 ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இத்தனை நாளில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "தம்பி, விலை இவ்வளவு கம்மியா இருக்கே, கேக்குமா?" என்பதுதான்.

கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கலாம், புடவையைத் தடவிப் பார்க்கலாம். மாத்திரையை என்ன செய்வது? எல்லாம் வெள்ளையாக, வட்டமாக இருக்கிறது. நமக்குப் புரிகிற மாதிரி அட்டையில் இருப்பது விலை ஒன்றுதான். அதையே தரமாக எடுத்துக்கொள்கிறோம்.

இந்த எண்ணம் மனசோடு நிற்பதில்லை, உடம்பு வரை போகிறது. 2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 82 பேருக்கு மணிக்கட்டில் மின்அதிர்ச்சி கொடுத்து, வலி மாத்திரை என்று சொல்லி ஒன்றைத் தந்தார்கள். பாதிப் பேரிடம் அதன் விலை இரண்டரை டாலர் என்றும், மீதிப் பேரிடம் தள்ளுபடி போக 10 சென்ட் என்றும் சொன்னார்கள். உண்மையில் அதில் மருந்தே கிடையாது. இரண்டரை டாலர் என்று நம்பியவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு வலி குறைந்தது. 10 சென்ட் என்று கேட்டவர்களில் 61 பேருக்குத்தான். இதைப் படித்த பிறகு, "அந்தக் கம்பெனி மாத்திரை போட்டாத்தான் தலைவலி விடுது" என்பவரோடு நான் வாதாடுவதில்லை. அவருக்கு நிஜமாகவே விட்டிருக்கும்.

ஆனால் சர்க்கரை நோய்க்கு அந்த நம்பிக்கை மட்டும் போதாது. மாத்திரைக்குள் இருக்கும் மெட்ஃபார்மின் என்ற மருந்துதான் வேலை செய்ய வேண்டும். காப்புரிமை முடிந்த மருந்தை உரிமம் உள்ள எந்த நிறுவனமும் தயாரிக்கலாம். பிராண்டைப் பரப்பவும், மருத்துவர்களிடம் பிரதிநிதிகளை அனுப்பவும் ஆகும் செலவு விலையில் ஏறுகிறது. அந்தச் செலவு இல்லாததால்தான் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 50 முதல் 90 சதவீதம் வரை விலை குறைகிறது. தமிழக அரசும் 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது.

சரி, விலையை விட்டு எதைப் பார்ப்பது? மருந்தின் பெயரை அடுத்து "ஐ.பி." (IP) என்று இருக்கிறதா பாருங்கள். இந்திய மருந்துத் தரநூலில் சொன்னபடி தயாரித்தது என்று பொருள். எத்தனை மில்லிகிராம், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), உரிம எண், காலாவதித் தேதி, எல்லாம் அட்டையிலேயே உண்டு. குறைந்த விலையெல்லாம் நல்ல மருந்து என்றும் நான் சொல்லவில்லை. தரத்தைச் சொல்வது பரிசோதனைதான். நம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994-இல் தொடங்கியது, ஆய்வகத்தில் தேறிய தொகுதிகளைத்தான் அனுப்புகிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருவதும் சோதித்த மருந்துதான். ஒன்று மட்டும்: வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா, மகன் வாங்கித் தந்த விலை குறைந்த சர்க்கரை மாத்திரையைத் தொடாமல் வைத்திருந்தார். அதையும் பழைய அட்டையையும் என்னிடம் கொண்டுவந்தார். கண்ணாடி போட்டு இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னேன். "ஒரே பேருதான் போட்டிருக்கு தம்பி" என்றார். மருத்துவரிடமும் கேட்டுவிட்டு அதையே போட ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துவந்து காட்டினார். சர்க்கரை ஏறவில்லை.