கோடை ஏரியில் ரெயின்போ ட்ரவுட்: எந்த ஆழத்தில் தேடுவது, கிடைத்ததை எப்படி அடையாளம் காண்பது

[காட்சி: நண்பகல் ஏரி. மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் வெப்பமானி மெல்ல நீருக்குள் இறங்குகிறது.]

கோடையில் ரெயின்போ ட்ரவுட் பிடிக்க ஏரிக்குப் போகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது தூண்டிலை அல்ல, வெப்பமானியை. வசந்த காலத்தில் கரையோரத்திலேயே இரை கவ்விக்கொண்டிருந்த மீன், வெயில் முற்றிய பிறகு அதே இடத்தில் தலைகாட்டுவதில்லை. ஏரியில் மீனே இல்லாமல் போய்விட்டது என்று முடிவுகட்டித் திரும்பிவிடுபவர்கள் பலர் உண்டு. மீன் அங்கேதான் இருக்கிறது, சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு, ஏன் இறங்கியது என்பதை முதலில் பார்ப்போம். பிறகு, வலைக்குள் வந்தது ரெயின்போதானா என்று எப்படி உறுதி செய்வது என்பதைப் பார்ப்போம். கோடையில் இந்த இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். குளிர்ந்த ஆழத்திலிருந்து வெதுவெதுப்பான மேல்நீருக்கு இழுத்து வரப்பட்ட மீனை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று தீர்மானிக்க நமக்குக் கிடைப்பது சில நொடிகள்தான்.

[காட்சி: ஏரியின் குறுக்குவெட்டுப் படம். மேல், நடு, அடி என மூன்று அடுக்குகள்.]

நீர் மிக அதிக அடர்த்தியோடு இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதற்கு மேல் சூடாகச் சூடாக அது லேசாகிறது. ஆகவே, வெயில் பட்டுச் சூடான நீர் மேலேயே தங்கிவிடுகிறது, குளிர்ந்த நீர் அடியில் கிடக்கிறது. காற்று மேலடுக்கைக் கலக்கிவிடுகிறதே தவிர, ஆழமான ஏரிகளில் கோடை முழுவதும் அதனால் அடிவரை கலக்க முடிவதில்லை. இவ்விரண்டு அடுக்குகளுக்கும் நடுவே, ஒரு மீட்டர் இறங்கினாலே ஒரு டிகிரியோ அதற்கும் மேலோ வெப்பம் குறைந்துவிடும் ஒரு பகுதி உருவாகிறது. இதைத்தான் தெர்மோக்ளைன் என்கிறார்கள்.

ரெயின்போ ட்ரவுட் உற்சாகமாக இரை தேடுவது ஏறத்தாழ 12 முதல் 18 டிகிரி வரையிலான நீரில். 20 டிகிரியைத் தாண்டினால் அது சோர்வடையத் தொடங்குகிறது, 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. இதற்குக் காரணம் வெப்பம் மட்டுமல்ல. கடல்மட்ட உயரத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 25 டிகிரி நீரிலோ 8 மில்லிகிராம் அளவுதான் கரையும். நீர் சூடாகும்போது மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜன் கூடுகிறது, நீர் கொடுக்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது.

அப்படியானால் நேராக அடியாழத்துக்குப் போய்விடலாமே என்று கேட்கத் தோன்றும். பாசியும் சத்தும் மிகுந்த ஏரிகளில் அதுவும் முடியாது. மேலிருந்து விழும் இறந்த பாசியும் இலைகளும் அடியில் மக்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன, மேலே உள்ள காற்று அந்த அடுக்கை எட்டாததால் இழந்தது திரும்பி வருவதில்லை. ஆகவே மேலே வெப்பம், கீழே மூச்சுத்திணறல் என்று இரண்டு பக்கமும் நெருக்கப்பட்ட ட்ரவுட், நடுவில் சில மீட்டர் தடிமனே உள்ள ஒரு பட்டைக்குள் வந்து சேர்கிறது. தெளிந்த நீரும் குறைந்த சத்தும் உள்ள ஏரிகளில் அடியிலும் ஆக்சிஜன் நீடிப்பதால் மீன் இன்னும் ஆழமாக இறங்கிப் பரவிக் கிடக்கும். அத்தகைய ஏரியில் தேடுவது உண்மையில் கடினம்.

[காட்சி: படகிலிருந்து கயிறு இறக்கப்படுகிறது. ஒவ்வொரு முடிச்சிலும் அளவு குறிக்கப்படுகிறது.]

அந்தப் பட்டையைக் கண்டுபிடிப்பதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் வெப்பமானியை இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் ஓரிரு நிமிடம் நிறுத்தி, விரைந்து மேலே இழுத்துப் படித்தால் போதும். அளவு மாறிவிடும் என்று ஐயுறுபவர்கள், மூடிய புட்டியை ஆழத்துக்கு இறக்கி, தனிக் கயிற்றால் தக்கையைப் பிடுங்கி, அங்குள்ள நீரையே நிரப்பி மேலே கொண்டுவந்து அளக்கலாம். ஒலியலைகளால் நீரடியைக் காட்டும் சோனார் திரை உள்ள படகென்றால், அதன் உணர்திறனைக் கூட்டும்போது தெர்மோக்ளைன் ஒரு மங்கலான கிடைக்கோடாகவே பல நேரம் தெரியும்.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே திசையில் பல மணி நேரம் பலமாக வீசும் காற்று, மேலடுக்கின் சூடான நீரை எதிர்க்கரைக்குத் தள்ளிக் குவிக்கிறது. காற்று புறப்படும் பக்கத்துக் கரையிலோ குளிர்ந்த நீர் மேல்நோக்கி ஏறுகிறது. இரை ஒதுங்குவது காற்று மோதும் கரையில் என்பதால் எல்லோரும் அங்கே கூடுவார்கள். ஆனால் கோடை உச்சத்தில் ட்ரவுட்டுக்கு ஏற்ற குளிர்ச்சி மறுபக்கம் இருக்கக்கூடும். வெப்பமானி கையில் இருந்தால் இதில் ஊகத்துக்கு இடமில்லை. குளிர்ந்த ஓடை ஏரியில் கலக்கும் வாயும், ஏரியடியில் ஊற்று சுரக்கும் இடமும் இதே காரணத்தால் தேடத் தக்கவை.

அதிகாலையும் அந்தியும் நல்ல நேரங்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் குளிர்ச்சி அவ்வளவு பெரிய காரணமன்று, ஏனெனில் ஒரே இரவில் ஏரியின் மேல்நீர் அதிகம் குளிர்ந்துவிடுவதில்லை. ஏரி ட்ரவுட்டின் முக்கிய உணவுகளில் ஒன்றான டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்வாழ் ஓட்டுயிரி, இருள் சூழும்போது மேலே ஏறி, வெளிச்சம் வந்ததும் கீழே இறங்குகிறது. மீனும் அதைத் தொடர்ந்து சிறிது நேரம் மேலே வந்து மேய்ந்துவிட்டுத் திரும்புகிறது.

[காட்சி: படகின் பின்புறம். ஈயக்குண்டு தாங்கிய கம்பியும், அதில் கவ்வியால் மாட்டிய தூண்டில் நரம்பும்.]

ஆழம் தெரிந்துவிட்டால், இரையை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதுதான் மீதி வேலை. படகிலிருந்து இழுத்துச் செல்லும் ட்ரோலிங் முறையில், டவுன்ரிக்கர் என்னும் கருவியின் கனத்த குண்டு நரம்பை வேண்டிய ஆழத்தில் பிடித்து வைத்திருக்கும், மீன் இரையைக் கடித்ததும் கம்பியில் மாட்டிய கவ்வி திறந்து நரம்பு தனியாகிவிடும். அது இல்லாதவர்கள் உள்ளே ஈயம் ஓடும் நரம்பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நிறம் சுமார் 9 மீட்டருக்கு ஒருமுறை மாறுவதால், எத்தனை நிறம் வெளியே போயிருக்கிறது என்று எண்ணி ஆழத்தைக் கணிக்கலாம். வேகம் மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போவது நல்லது, ஏனெனில் திரும்பும்போது உட்புறத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்புறத் தூண்டில் வேகமெடுத்து உயரும். எந்தப் பக்கத்துத் தூண்டிலில் மீன் கவ்வுகிறது என்று கவனித்தால், வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பது தெரிந்துவிடும்.

கரையிலிருந்தோ, நங்கூரமிட்ட படகிலிருந்தோ பிடிப்பவர்களுக்கு நழுவும் மிதப்பு பொருத்தமானது. நரம்பில் வேண்டிய ஆழத்தில் ஒரு தடை முடிச்சைப் போட்டுவிட்டால், மிதப்பு அதுவரை நழுவி நின்றுவிடும், எறிவதற்கும் இடைஞ்சல் இல்லை. தூண்டில் இரை, ட்ரவுட் இருக்கும் ஆழத்துக்குச் சற்று மேலே நிற்பதே நல்லது. ட்ரவுட் தனக்கு மேலே வெளிச்சத்தின் பின்னணியில் தெரிவதை எளிதில் கண்டுகொள்கிறது, தனக்குக் கீழே கிடப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நீர் தெளிவாக இருந்தால் 2 அல்லது 3 கிலோ தாங்கும் மெல்லிய நரம்பு போதும்.

தூண்டில் முள்ளைப் பற்றிச் சொல்லும்போது சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். விட்டுவிடும் எண்ணம் இருந்தால் மண்புழுவும் மாவு இரையும் வேண்டாம். மீன் அவற்றை விழுங்கிவிடுவதால் முள் தொண்டைக்குள் போய்விடுகிறது, அப்படி முள் இறங்கிய மீன்களில் பல இறந்துவிடுகின்றன. எதிர்முள் (முனையருகே பின்னோக்கி நிற்கும் கூர்) இல்லாத ஒற்றை முள்ளோடு கூடிய ஸ்பூன், ஸ்பின்னர் என்னும் உலோகப் போலி இரை அல்லது செயற்கை ஈ உதட்டோரத்தில் மாட்டும், எளிதில் கழன்றும் வரும். மேல்நீரே 20 டிகிரியைத் தாண்டியிருந்தால், பிடித்து விடும் விளையாட்டையே அன்றைக்கு நிறுத்திவிடுவது நியாயம். நீந்திப் போவதுபோல் தெரியும் மீன், களைப்பிலிருந்து மீள முடியாமல் பிறகு இறந்துபோகலாம்.

[காட்சி: ரப்பர் வலை நீருக்குள் அமிழ்ந்திருக்கிறது. அதற்குள் வெள்ளிநிற மீன்.]

இப்போது மீன் வலைக்குள் இருக்கிறது. அதை நீரைவிட்டு வெளியே எடுக்காமலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். பலரும் முதலில் தேடுவது விலாவில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையை. நம்பக் கூடாத அடையாளம் என்றால் அதுதான். திறந்த ஏரிநீரில் வளர்ந்த ரெயின்போ கோடையில் உருக்கிய வெள்ளிபோல் மின்னும், பட்டை இருக்கிறதா இல்லையா என்றே ஐயம் வரும். முட்டையிடும் காலத்தில் அதே மீனின் பட்டை அடர்சிவப்பாகிவிடும்.

ஆகவே முதலில் புள்ளிகளைப் பாருங்கள். வெளிர்ந்த உடலில் கரும்புள்ளிகள் இருந்தால் அது ட்ரவுட் அல்லது சால்மன் வகை. கருத்த உடலில் வெளிர்புள்ளிகள் இருந்தால் அது சார் என்னும் வேறு கூட்டம். முதுகில் நெளிகோடுகளும், கீழ்த்துடுப்புகளின் முன்விளிம்பில் வெண்கோடும் உள்ள புரூக் ட்ரவுட்டும், ஆழமாகப் பிளந்த வாலுடைய லேக் ட்ரவுட்டும் பெயரளவில்தான் ட்ரவுட்டுகள், கூட்டத்தால் சார்.

அடுத்து வால். ரெயின்போவின் வால்துடுப்பு முழுவதும், மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும், சிறு கரும்புள்ளிகள் வரிவரியாக விரிந்து செல்லும். பிரவுன் ட்ரவுட்டின் வாலில் புள்ளிகள் அநேகமாக இருக்காது. அதன் உடற்புள்ளிகள் பெரியவை, அவற்றில் சில சிவப்பு, பலவற்றைச் சுற்றி வெளிர்வளையம். வெள்ளியாக மாறிய பிரவுனில் சிவப்பு மறைந்துவிடக்கூடும், அப்போதும் வால் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு இடத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் வாலைத்தான் பார்ப்பேன்.

வாலிலும் குழப்பும் ஒரு மீன் உண்டு, கட்த்ரோட் ட்ரவுட். தாடைக்குக் கீழே இருபுறமும் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கீற்றும், கண்ணுக்குப் பின்னால் நன்றாக நீண்ட மேல்தாடையும் அதன் குறிகள். நாக்கின் அடிப்பகுதியில் விரலால் தடவினால் அதற்குச் சிறு பற்கள் தட்டுப்படும், ரெயின்போவுக்கு அங்கே பற்கள் இல்லை. இவ்விரண்டும் தங்களுக்குள் கலந்து குஞ்சு பொரிக்கக்கூடியவை, அந்தக் கலப்பு மீன்களில் கீற்று மங்கலாக இருக்கும். இரண்டும் வாழும் ஏரியில் மங்கலான கீற்றோடு ஒரு மீன் வந்தால், எந்த இனத்துக்கு விதி கடுமையாக இருக்கிறதோ அந்த இனமாகவே அதைக் கருதுவது பாதுகாப்பு.

[காட்சி: இரண்டு மீன்களின் வயிற்றடித் துடுப்புகள் அருகருகே.]

சால்மன்களை ஒதுக்கும் வழி, மலப்புழைக்குப் பின்னால் உள்ள துடுப்பு. ரெயின்போவுக்கு அதில் 8 முதல் 12 கதிர்கள். பசிபிக் சால்மன்களுக்குப் பெரும்பாலும் 13 அல்லது அதற்கு மேல், அதனால் அவற்றின் துடுப்பு உயரத்தைவிட அகலமாக நீண்டிருக்கும். ஏரியிலேயே வாழும் கொக்கனி சால்மன் கோடையில் ரெயின்போ இருக்கும் அதே ஆழத்தில் திரிவதால் இந்தச் சோதனை அடிக்கடி தேவைப்படும். அதன் முதுகிலும் வாலிலும் தெளிவான கரும்புள்ளிகள் இருப்பதில்லை. வாயையும் திறந்து பாருங்கள்: ரெயின்போவின் வாயும் ஈறும் வெண்மை, சினூக் சால்மனுக்கு ஈறே கறுப்பு.

இந்த ஒப்பீடு தற்செயலானதல்ல. ஜெர்மானிய இயற்கையியலாளர் யோஹான் வால்பாம் 1792இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சாட்காவின் மீனை வைத்து இந்த இனத்தை விவரித்தார். 1836இல் ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் ஜான் ரிச்சர்ட்சன் வட அமெரிக்க மீனுக்குத் தனிப்பெயர் சூட்டினார். இரண்டும் ஒன்றே என்பதும், இது அட்லாண்டிக் சால்மன், பிரவுன் ட்ரவுட் ஆகியவற்றைவிடப் பசிபிக் சால்மன்களுக்கே நெருங்கியது என்பதும் ஏற்கப்பட்டு, 1989இல் ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்ற பெயர் நிலைத்தது. கடலுக்குச் சென்று திரும்பும் ஸ்டீல்ஹெட்டும் இதே இனம்தான்.

வளர்ப்புக்குளத்திலிருந்து விடப்பட்ட மீனா என்பதையும் கவனிக்கலாம். தொட்டிச் சுவரில் உரசி வளர்ந்த மீனின் முதுகுத் துடுப்பு தேய்ந்தும், கதிர்கள் கோணியும் இருக்கும். சில இடங்களில், வாலுக்கு முன்னால் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டிவிட்டே மீன்களை விடுகிறார்கள். அந்தத் துடுப்பு இல்லாத மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி உள்ள நீர்நிலைகளும் உண்டு.

விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு, செவுளைத் தொடாமல், முள்ளைக் கழற்றி, மீன் தானாக உதறிப் புறப்படும்வரை நீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்திருங்கள். முள் ஆழமாகப் போயிருந்தால் நரம்பை அறுத்துவிடுவது மேல். வைத்துக்கொள்வதென்றால் உடனே கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடித்து, பனிக்கட்டியில் இடுங்கள். கோடையில் ஈரக் கோணி போதாது.

தோலையும் வாலையும் ஏரிக்கரையிலேயே நீக்கிவிடக் கூடாது. பல இடங்களில் அது விதிமீறல், ஏனெனில் சோதனைக்கு வருபவருக்கு இனமும் நீளமும் தெரிய வேண்டும். தோலை உரித்த பிறகு சதையின் நிறத்தைக் காட்டி எதையும் நிறுவ முடியாது. ஆரஞ்சு நிறம் மீன் தின்ற சிறு ஓட்டுயிரிகளின் நிறமிகளிலிருந்து வருவது. ஒரு ஏரியின் ரெயின்போ வெளிறிய சதையோடும், வேறொரு ஏரியின் ரெயின்போ சால்மன்போல் சிவந்த சதையோடும் இருக்கும்.