பன்னிரண்டரைக்கு வந்து இரண்டு மணிக்குப் போகிற பசி

வணக்கம் உறவுகளே. பின்னுக்குக் கேட்கிறது அம்மம்மா குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம். விரதம் பிடிக்காத ஆட்களுக்குச் சமையல் நடக்கிறது. இன்றைக்குக் கந்தசட்டி நான்காம் நாள். அம்மம்மா ஆறு நாளும் பாலும் பழமும்தான். நான் பின்னேரம் ஒரு நேரம் சாப்பிடுகிறேன், அதற்கே முகம் இப்படி இருக்கிறது.

முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு வயிறு கூப்பாடு போட்டது. இரண்டு மணிக்கு, ஒன்றுமே சாப்பிடாமல், தானாக அடங்கிவிட்டது. அம்மம்மாவிடம் சொன்னேன். "பசி வந்து எட்டிப் பார்க்கும். நீ எழும்பாவிட்டால் போய்விடும்" என்றா.

தேடி வாசித்தால், அம்மம்மா சொன்னது சரிதான். வயிற்றில் சுரக்கிற கிரெலின் என்ற ஹார்மோனை 1999 இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். நாங்கள் வழமையாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன் அது இரத்தத்தில் கூடி, மூளையில் பசியைக் கவனிக்கிற ஹைப்போதலமஸ் என்ற பகுதியைத் தட்டுகிறது. அந்த நேரம் கடந்தால், சாப்பிடாவிட்டாலும் குறைகிறது. வேலையிடத்தில் பன்னிரண்டரைக்குத்தானே சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிறோம், உடம்பு அந்த மணியைப் பாடமாக்கி வைத்திருக்கிறது.

மாதக்கணக்கான பட்டினி வேறு. அது என்னவென்று 2009 வன்னிப் போரைக் கடந்து வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர், தாங்களாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் கோப்பையை நக்கினார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள். சரி, அது எதிர்பார்க்கக் கூடியது. ஆனால் பாலுறவு ஆசையும் அற்றுப்போனது, கூட்டாளிகளோடு கதைக்கவும் பிடிக்கவில்லை. உடம்புக் கொழுப்பு கரையும்போது லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. அப்போது மூளை, பாலியல் ஹார்மோன்களைச் சுரக்கச் சொல்லும் கட்டளையையும் குறைத்துவிடுகிறது. பிள்ளை பெறுகிற நேரம் இதில்லை என்று உடம்பே கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. ஆசையை மனசின் விஷயம் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

எனக்கு மிகவும் பிடித்தது 2020 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வு. 40 பேரை ஒரு நாள் பத்து மணித்தியாலம் பட்டினி போட்டார்கள், இன்னொரு நாள் அதே பத்து மணித்தியாலம் ஆட்களே இல்லாமல் தனியே விட்டார்கள். பசித்தவருக்குச் சாப்பாட்டுப் படம் காட்டினால் நடுமூளையில் எந்த இடம் துடித்ததோ, தனித்திருந்தவருக்கு ஆட்கள் கூடியிருக்கிற படம் காட்டியபோதும் அதே இடம் துடித்தது.

இதை வாசித்தபோது கனடா மாமா ஞாபகம் வந்தார். போன மாதம் ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) வாங்கி, நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் தேடிப்பிடித்துத் தனியாகக் கூழ் காய்ச்சியிருக்கிறார். "உப்புப் புளி எல்லாம் சரி, ஆனால் வாய்க்கு ஒத்துவரவில்லை" என்று போன் எடுத்தார். கூழென்றால் முற்றத்தில் ஆட்கள் சுற்றி இருந்து, பனையோலைப் பிளாவில் வாங்கி, மூக்கு ஒழுக ஒழுகக் குடிக்கிறது அல்லவா? அம்மம்மா, "போனை வைக்காதே, குடி" என்றா. அவர் அங்கே குடித்தார், நாங்கள் இங்கே சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் கோப்பையும் போட்டார்.

சரி, மணி பன்னிரண்டு இருபத்தைந்து. வரப்போகிறது.