தலையில் மட்டும் இறகு மிஞ்சிய கிளி

[காட்சி: சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஜன்னலோரம் ஒரு கூண்டு. உள்ளே ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி.]

வணக்கம். இந்தக் கிளியின் தலையை முதலில் பாருங்கள். பிறகு நெஞ்சைப் பாருங்கள். தலையில் ஓர் இறகும் கலையவில்லை. கழுத்துக்குக் கீழேயோ, ஈரச்சந்தையில் உரித்துத் தொங்கவிட்ட கோழியைப் போல வெறும் தோல் தெரிகிறது. நமக்குக் கிடைக்கும் முதல் தடயம் இதுதான். எந்தக் கிளியாலும் தன் தலையைத் தன் அலகால் எட்ட முடியாது. ஆகவே தலை நிறைந்தும் உடல் வெறுமையாகவும் இருந்தால், கிளி தன் இறகைத் தானே பிடுங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தலையிலும் இறகு கொட்டியிருந்தால், கூண்டில் உடனிருக்கும் இன்னொரு கிளியின் வேலையா, அல்லது அலகையும் இறகையும் தாக்கும் சர்க்கோவைரஸ் நோயா என்று ஆராய வேண்டும். அந்த நோய் மற்றக் கிளிகளுக்கும் பரவும். அதற்கு இதுவரை மருந்து இல்லை.

“இறகு மறுபடி வளர என்ன தடவலாம்?” என்று பலரும் கேட்கிறார்கள். எதையும் தடவ வேண்டாம். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் நம் வீட்டுக் கைவைத்தியமாக இருக்கலாம். ஆனால் எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு உடல் வெப்பத்தைக் காக்கும் திறனை இழக்கிறது, கிளியோ அதைத் துடைத்தெடுக்க இன்னும் அதிகமாகக் கோதத் தொடங்குகிறது. இறகு தானாகவே வளரும். நாம் செய்ய வேண்டியது, அது பிடுங்கப்படுவதற்கான காரணத்தைக் கண்டுபிடித்து நீக்குவதுதான்.

[காட்சி: வரைபடம். தோலில் உள்ள நுண்குழியிலிருந்து முளைக்கும் குருத்து இறகு.]

ஓர் இறகு வேரோடு பிடுங்கப்பட்டால், தோலில் உள்ள அதன் நுண்குழி புதிய இறகை உருவாக்கத் தொடங்கிவிடும். ஆனால் கிளி இறகை வேரோடு எடுக்காமல் பாதியில் கடித்துத் துண்டித்திருந்தால், அடிக்காம்பு உள்ளேயே தங்கிவிடும். அடுத்த இறகுதிர்ப்புக் காலத்தில் அந்தக் காம்பு விழும்வரை அங்கே புது இறகு முளைக்காது. பல கிளிகளுக்கு அது ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை வருவது. எனவே, எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மூன்று மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று மனம் தளர்பவர்கள், தங்கள் கிளி பிடுங்குகிறதா கடிக்கிறதா என்பதைக் கூண்டின் அடியில் கிடக்கும் இறகுகளை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். காம்பின் நுனி முழுமையாக இருந்தால் பிடுங்கியது. நைந்து அறுந்திருந்தால் கடித்தது. ஒரே குழியில் ஆண்டுக்கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் குழி தழும்பேறி, இறகு முளைப்பது நிரந்தரமாக நின்றுவிடக்கூடும். தாமதம் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

முதல் படி, பறவைகளைப் பார்த்துப் பழகிய விலங்குநல மருத்துவரிடம் செல்வது. நாய், பூனைகளை மட்டும் கவனிக்கும் மருந்தகங்களும் சிங்கப்பூரில் உண்டு. ஆகவே முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கல்லீரல் கோளாறு, தோல் தொற்று, குடல் ஒட்டுண்ணி, துத்தநாகம் அல்லது ஈய நச்சு ஆகியவை பழக்கக் கோளாறைப் போலவே வெளியே தோன்றும். துத்தநாகம் எங்கிருந்து வரும் என்று வியக்க வேண்டாம்: துத்தநாகப் பூச்சுள்ள கம்பிக் கூண்டு, மலிவான மணி, சாவி வளையம் ஆகியவற்றை நாள் முழுவதும் கொறிக்கும் கிளிக்கு அதுவே போதும். கடைக்காரர் பலர் சொல்வதுபோல் பேன்தான் காரணம் என்று நம்பிப் பூச்சிக்கொல்லியைத் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வளரும் கிளி பேனால் இறகு பிடுங்குவது அரிது. தெளித்த மருந்தோ கிளியின் நுரையீரலுக்குள் செல்கிறது.

உணவைப் பொறுத்தவரை, சூரியகாந்தி விதையே பெரும்பாலான வீடுகளில் தவறாகிறது. அதில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ஏ மற்றும் கால்சியம் மிகக் குறைவு. இறகு ஏறத்தாழ முழுவதும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தோல் நலமாக இருக்க வைட்டமின் ஏ தேவை. கிளிகளுக்கென்று தயாரிக்கும் உருண்டைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, அதனுடன் கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய், தேக்காவில் எளிதாகக் கிடைக்கும் முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சேர்க்கலாம். அவகாடோ, சாக்லேட், காப்பி, வெங்காயம் ஆகியவை கூடவே கூடாது. விதையை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். சில கிளிகள் புது உணவை உணவென்றே உணராமல் பட்டினி கிடக்கும். சமையலறைத் தராசில் தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். 90 கிராம் எடையுள்ள காக்கட்டீல் என்ற சிறு கிளி 9 கிராம் இழந்தாலே மருத்துவரை அழைக்க வேண்டிய நிலை. உருண்டைத் தீவனத்தோடு வைட்டமின் சொட்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது அளவை மீறும். மருத்துவர் சொன்னால் தவிர அது வேண்டாம்.

[காட்சி: இரவு 11 மணி. வரவேற்பறையில் தொலைக்காட்சி ஓடுகிறது. கூண்டில் கிளி விழித்திருக்கிறது.]

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். ஆனால் நம் வீட்டுக் கிளிக்குப் பகல் 17 மணி நேரம் நீள்கிறது. 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் அதற்குக் கிடைக்க வேண்டும். வரவேற்பறையில் அது முடியாதென்றால், இரவுக்கு மட்டும் ஒரு சிறு கூண்டை வேறு அறையில் வைக்கலாம். வெளியே காற்றில் ஈரம் நிறைந்திருந்தாலும், ஏர்கான் ஓடும் அறையில் தோல் வறண்டு அரிக்கும். காலையில் வெதுவெதுப்பான வெறும் நீரை மெல்லிய தூவலாகத் தெளித்துக் குளிக்க விடுங்கள். மாலைக்குள் அது நன்றாக உலர்ந்துவிட வேண்டும்.

புகையைப் பற்றிச் சொல்லும்போது சிலருக்கு வருத்தமாக இருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் ஆகியவற்றைக் கிளி இருக்கும் அறையில் ஏற்றக் கூடாது. சுவாமி அறையின் கதவை மூடி, வேறு ஜன்னலைத் திறந்து வைத்தால் இரண்டும் ஒரே வீட்டில் நடக்கும். அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் வாணலியின் ஆவி இன்னும் கொடியது. சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

இனி, பலர் ஒரு பொம்மையைத் தொங்கவிட்டு முடித்துக்கொள்ளும் பகுதிக்கு வருகிறோம். மாலையில் புளோக்குகளுக்கு நடுவே கூச்சலிட்டுப் பறக்கும் செம்மார்புக் கிளிகளைக் கவனித்திருப்பீர்கள். காட்டிலும் சரி, நகரத்து மரங்களிலும் சரி, கிளி தன் நாளின் பெரும்பகுதியை உணவைத் தேடுவதிலும், உரிப்பதிலும், உடைப்பதிலும் செலவிடுகிறது. நம் வீட்டில் அதே உணவு ஒரு கிண்ணத்தில் தயாராக இருக்கிறது. அரை மணி நேரத்தில் தின்று முடித்தபின் அலகுக்கு வேலை இல்லை, எதிரே எட்டும் தூரத்தில் இருப்பது அதன் இறகு மட்டுமே. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உணவைத் தேடி எடுக்கும் அமைப்புகளும் ஏறிக் குதிக்கப் பலவகைக் கட்டைகளும் கிடைத்த இளம் அமேசான் கிளிகளின் இறகு நன்றாக இருந்தது. வெறும் கூண்டில் இருந்தவற்றின் இறகு மோசமாயிற்று. பின்னர் அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது இறகின் நிலை மேம்பட்டது.

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. தீவனத்தை மை அச்சிடாத காகிதத்தில் பொட்டலமாக மடித்துக் கொடுங்கள். கழுவிய வாழையிலைத் துண்டில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். இளநீர் மட்டையைக் கழுவி உலர்த்தி, நாரின் இடுக்குகளில் தினையை ஒளித்து வையுங்கள். கிளி அதைப் பிய்த்தெறியும் வேகத்தைப் பார்த்தால், இத்தனை நாள் அந்த வேகம் எங்கே போனதென்று உங்களுக்கே விளங்கும். முதல் நாள் பொட்டலத்தைத் திறந்தே வையுங்கள். கிளி கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள இறுக்கமாக மடியுங்கள். வீடு குப்பையாகத்தான் செய்யும்.

கிளி இறகைப் பிடுங்கும்போது “டேய், வேண்டாம்!” என்று ஓடி வருவதை நிறுத்துங்கள். தனித்திருக்கும் கிளிக்கு அதுவும் ஒரு வெகுமதியே. அது விளையாடும்போதும் பொட்டலத்தைக் கிழிக்கும்போதும் பேச்சுக் கொடுங்கள். முதுகையும் இறக்கைக்குக் கீழேயும் தடவுவது இனப்பெருக்க உணர்வைத் தூண்டிப் பழக்கத்தை மோசமாக்கக்கூடும்; தலையும் கழுத்தும் போதும். அலகு உடலை எட்டாதபடி கழுத்தில் மாட்டும் பட்டை, தோலையே கடித்துப் புண்ணாக்கும் கிளிக்கு மருத்துவர் கட்டுவது. இறகுக்காக நாமாக மாட்டுவதல்ல.

[காட்சி: நெஞ்சில் முள்போல முளைத்திருக்கும் குருத்துகள், மிக அருகில்.]

சில வாரங்களில் முள்போன்ற குருத்துகள் தெரியலாம். வளரும் குருத்துக்குள் இரத்தம் ஓடுகிறது; அதைத் தொட்டால் வலிக்கும். பெரிய குருத்து முறிந்து இரத்தம் வந்தால், சோளமாவை வைத்துச் சில நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இந்தக் கட்டத்தில் அரிப்பு மிகும், கிளி மறுபடி பிடுங்கவும் கூடும். தோல்வி என்று எண்ணாமல் குளியலையும் பொட்டலங்களையும் அதிகமாக்குங்கள். மாதத்தின் முதல் நாளன்று அதே ஜன்னல், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள்; தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை ஆறாவது படம் காட்டும். நெஞ்சில் மென்தூவி (பஞ்சுபோன்ற அடியிறகு) மட்டும் வளர்ந்து அதோடு நின்றுவிட்டால், அந்தக் குழிகள் தழும்பேறியிருக்கலாம். அப்படிப்பட்ட கிளிக்கு ஏர்கான் காற்று நேரே படாத இடத்தில் கூண்டை வையுங்கள். பொட்டலங்களை நிறுத்த வேண்டாம்.