திண்ணையில் ஒரு செக்போஸ்ட்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராம வாசகசாலையில், ஓணப் பரீட்சை முடிந்த அன்று மாலை நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதித் தரச் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் இழுவையாகத்தான் இருக்கும்.)

மேடையில் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, இன்று காலையில் மூன்று இடத்தில் கூட்டம் முடித்துவிட்டு மதியச் சாப்பாடுகூட ஒழுங்காக இல்லாமல் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முதல் வணக்கம். எங்கள் வார்டு மெம்பர் தம்பி அவர்களே, நான் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த பையன், இன்றைக்கு எனக்குப் பேச நேரம் ஒதுக்குகிற இடத்தில் இருக்கிறார், பதினைந்து நிமிடம் என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார், பார்ப்போம். வாசகசாலைத் தலைவர் அண்ணன் அவர்களே, செயலாளர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, அங்கன்வாடி டீச்சர் அவர்களே. அங்கன்வாடி என்று ஒன்று இந்த நாட்டில் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கினார்கள், அன்றிலிருந்து இன்றுவரை குறைந்த சம்பளத்தில் அதிகப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறவர்கள் இவர்கள்தான், இன்று பேச வேண்டியவரும் உண்மையில் அவர்தான். குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளே, சாயா போட்டுக்கொண்டு பின்னால் நிற்கிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் வயசாளி என்று மன்னித்துவிடுங்கள்.

எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. என் வீட்டில் இதுபோல பதினான்கு இருக்கின்றன. இவற்றை என்ன செய்வது என்று என் வீட்டம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், போன வருஷம் என் பேரன் பதில் கண்டுபிடித்தான். கட்டில் காலிலும் ஜன்னல் கம்பியிலும் நாலைந்தைக் கட்டினால் கூடாரம். ஜரிகை பளபளக்க, உள்ளே ஒரு டார்ச் லைட் வைத்தால் அரண்மனை. ஐந்து வயதுப் பையனுக்கு நான் வாங்கிய அத்தனை மரியாதையும் அன்றைக்குத்தான் பயன்பட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பழமொழியை இன்று நான் நாலைந்து தடவை சொல்லுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் லீவு. வீட்டில் சின்னப் பிள்ளை. மழையும் வரும். கையில் காசு இல்லை, பரீட்சைக்கே நோட்டு, யூனிஃபார்ம் என்று போய்விட்டது. என்ன செய்வது? ஐந்து விஷயம் சொல்லப்போகிறேன். அட்டைப்பெட்டி, பூ, காற்று, விளக்கு, கதை. ஐந்தையும் விளக்கமாகச் சொல்கிறேன்.

பெட்டியில் ஆரம்பிக்கிறேன். போன வருஷம் ஓண லீவுக்கு என் மகள் பெங்களூரிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். பையனுக்கு ஐந்து வயது, பாப்பாவுக்கு மூன்று. பையன் கையில் ரிமோட் கார், விலை இரண்டாயிரத்து ஐந்நூறு என்று அவனே சொன்னான். இரண்டாம் நாளே பேட்டரி தீர்ந்து கார் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வெளியே விடாமல் மழை. அன்றைக்கு என்று பார்த்து அடுத்த வீட்டுக்காரர் புது ஃப்ரிட்ஜ் வாங்கினார். நான் போய், ஐயா, ஃப்ரிட்ஜ் உங்களுக்கு, பெட்டி எனக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் போட்டு, அடியையும் மேல்பக்கத்தையும் அறுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கயிறு தோளில் மாட்டினேன். அவ்வளவுதான், பஸ். கொழிஞ்சாம்பாறை டு பொள்ளாச்சி, கோபாலபுரம் வழி. பையன் டிரைவரும் கண்டக்டரும். பாப்பா பயணி. பூனையும் பயணி, அதற்கு இஷ்டம் இல்லை, ஆனாலும் பயணி.

பஸ் என்றால் பார்டர் உண்டு அல்லவா? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெங்களூரில் வளர்ந்தவனுக்கும் வரும் வழியில் பார்த்தது நினைவிருந்தது. பாட்டி, நீதான் செக்போஸ்ட் என்றான். என் வீட்டம்மா சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டிவிட்டாள். வண்டி வந்து நின்றது. இந்தப் பக்கம் வரும்போது "எந்தா லோடு?" என்று மலையாளத்தில் கேட்டாள், அந்தப் பக்கம் போகும்போது "என்ன லோடு?" என்று தமிழில். அவளுக்கு இந்த நடிப்பெல்லாம் வரும் என்று நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாது. பையன் சொன்னான், "ஒரு பாப்பா, ஒரு பூனை." "பூனைக்கு டிக்கெட் எங்கே?" "பூனை பாஸ் வெச்சிருக்கு பாட்டி." "பாப்பாவுக்கு?" பாப்பா டிக்கெட்டை நீட்டியது. டிக்கெட் எது தெரியுமா, பழைய தினசரி காலண்டர் தாள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலே கீழே பார்த்தாள். "இது ராகுகால டிக்கெட். ஒன்றரை மணி நேரம் வண்டி எடுக்கக் கூடாது." அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் சமையலை முடித்துவிட்டாள், பிள்ளைகள் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றார்கள், பூனை மட்டும் வேறு பஸ் பிடித்துப் போய்விட்டது. நிஜமான வணிகவரி செக்போஸ்டை எல்லாம் 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது எடுத்துவிட்டார்கள். என் வீட்டுச் செக்போஸ்ட் இன்றுவரை எடுக்கப்படவில்லை, நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் விளக்குமாறு குறுக்கே வருகிறது.

செலவு? ஒரு ரூபாய் இல்லை. கையில் வெண்ணெய்.

சரி, பூ. அத்தம் நட்சத்திர நாளிலிருந்து திருவோணம் வரை பத்து நாள் வாசலில் பூக்களம், அதாவது பூக்கோலம். நாம் தமிழ் பேசுகிறவர்கள், ஓணம் நமக்கு என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைக் கோடு போட்டபோது கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றோம், அதற்கு முன்னாலும் நம் சித்தூர் தாலூகா கொச்சி ராஜாவுக்குக் கீழேதான் இருந்தது. ஓணத்துக்கு வருகிற அதே மகாபலிதான் கார்த்திகைக்கு நம்மிடம் மாவலியாக வருகிறார், அதைப் பிறகு சொல்கிறேன். பூவைப் பற்றிச் சொல்ல வந்தது இதுதான்: செண்டுமல்லி தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது, கிலோ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். வரப்பில் தும்பை சும்மா பூத்துக் கிடக்கிறது. என் பக்கத்து வீட்டு மலையாளப் பாட்டி சொல்வார், முதல் நாள் தும்பைதான், மூன்றாம் நாளான சோதியிலிருந்துதான் செம்பருத்தி மாதிரிச் சிவப்புப் பூவே வைக்க வேண்டும் என்று. அதாவது பழைய முறையே ஏழைக்கு ஏற்ற முறைதான். காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு கிண்ணத்தோடு வரப்புக்குப் போங்கள். தும்பை பறிக்க அரை மணி நேரம் ஆகும், அந்தச் சின்னப் பூவில் கிண்ணம் நிறையவே நிறையாது, அதுதான் விளையாட்டு. பூக்களம் வட்டமாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். என் பாப்பா போட்டது கிழங்கு மாதிரி இருந்தது. அழித்துச் சரிசெய்யாதீர்கள்.

ஊஞ்சலும் அப்படித்தான். ஆடி நோம்பிக்குக் கட்டிய தூரியை ஓணம் வரை அவிழ்க்காமல் விட்டால் போதும்.

இப்போது காற்று. பாலக்காட்டுக் கணவாய் நம் வீட்டு வாசல். மலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்க, நடுவில் மேற்கிலிருந்து காற்று உள்ளே நுழைந்து வீசுகிறது. இந்தக் காற்றை நம்பித்தான் உடுமலைப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு போன் பார்க்கிறார்கள். ஒரு பனை ஓலையைக் கிழித்து, இரண்டு துண்டை மடித்துப் பின்னி, நடுவில் ஒரு முள்ளைக் குத்தினால் காற்றாடி. வேலமுள் போதும். வாசலில் நின்றால் தானாகச் சுற்றும், ஓட வேண்டியதே இல்லை.

ஓலை என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். தெரியும், கிழவன் பனைக்கு வந்துவிட்டான் என்று சிரிக்கிறீர்கள். பனை மரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள், நான் பனையைப் பற்றிப் பேசினால் கள்ளுக்கடைக்காரர் அனுப்பிய ஆள் என்கிறார்கள். பரவாயில்லை. அந்தப் பஸ் கதையை நான் பாதியில் விட்டேன், மீதியைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் சாரலில் நனைந்து பஸ் கூழாகிவிட்டது. பையன் அழுதான். நிஜ சக்கரம் வைத்த வண்டி வேண்டும் என்றான். நான் பெருமையாக நுங்கு வண்டி பற்றிச் சொன்னேன். நுங்கைத் தின்றுவிட்டு, மேல்பாகம் சீவிய காய் இரண்டை ஒரு குச்சியில் இரண்டு பக்கமும் செருகி, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடுவது. மண் ரோட்டில் அது ஓடுகிற ஓட்டம். சித்திரை லீவுக்கு வா, செய்து தருகிறேன் என்றேன். அவன் உடனே, மரம் எங்கே தாத்தா, காட்டு என்றான். கிணற்றுமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை இரண்டு இருந்தது. அதற்கு முந்தின கோடையில் இரண்டு பெண்பனையையும் செங்கல் சூளைக்கு விற்றிருந்தேன். ஆமாம், விற்றது நான்தான். லாரிக்காரர் கொடுத்த காசு அந்த மாதத்துக் கரண்ட் பில்லோடு சரியாகப் போயிற்று. பையன் அடிக்கட்டை மேல் ஏறி நின்று, இதுதான் மரமா என்று கேட்டான். வெண்ணெயை நானே சூளையில் போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்துதான் இந்தப் பைத்தியம். தமிழ்நாட்டில் பனை மாநில மரம், 2021-ல் முதல்முறையாகத் தனி வேளாண் பட்ஜெட் போட்டபோது 76 லட்சம் பனை விதை விநியோகிப்போம், வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நமக்கு மாநில மரம் தென்னை, நல்ல மரம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மலையாளத்தில் கரிம்பன என்கிற இந்தப் பனை இல்லாத பாலக்காட்டை எந்த மலையாளியாவது நினைத்துப் பார்ப்பாரா? பஞ்சாயத்துத் தலைவர் அம்மாவிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன், மனு என் பையில் இருக்கிறது, 43 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்: வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் நிற்கிற பனையை எண்ணி, நம்பர் போட்டு, ஒன்றுகூட சூளைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா தலையாட்டுகிறார்கள். மெம்பர் தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்.

விளக்குக்கு வருகிறேன், கார்த்திகைக்குச் சுற்றுகிற விளக்கு. மாவலி. ஆண்பனையின் காய்ந்த பூவைக் குழியில் போட்டு மூட்டம் போட்டால் கரி. அதை இடித்து, பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்துக் கயிற்றால் சுற்றினால் பொறி பூப்பூவாகப் பறக்கும். மாவலியோ மாவலி என்று கத்திக்கொண்டு சுற்றுவோம். பெரியவர்கள்தான் சுற்ற வேண்டும், பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், நைலான் சட்டை கூடாது, பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கக் கூடாது. பட்டாசுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறீர்களே, இதற்கு என்ன செலவு? கையில் வெண்ணெய், மறுபடியும் அதேதான். ஆனால் ஆண்பனை வேண்டும். ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது, அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். இன்று ஐந்து வயதுப் பிள்ளை நட்டால் கல்லூரி முடிக்கும்போதுதான் பதில்.

தம்பி மணி அடிக்கிறார். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அங்கன்வாடி டீச்சர் சொல்லுவார்.

இப்போது பனம்பழம் விழுகிற காலம். வாசலில் செருப்பு விட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு இருக்கிறது, பார்த்தீர்களா? கொட்டை, நானும் பேரனும் போன வாரம் பொறுக்கியது. வீட்டுக்கு ஐந்து. ஒரு அடிக் குழி போதும், மழை பார்த்துக்கொள்ளும். குழியைப் பிள்ளை தோண்டட்டும், நீங்கள் தோண்டாதீர்கள். பை கொண்டு வராதவர்களுக்கு இந்தப் பொன்னாடையில் முடிந்து தருகிறேன், நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கூடாரத்துக்கு வேண்டும்.