செல் சவ்வு எதை உள்ளே விடுகிறது?

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

உயிரியல் வகுப்பில் ஆண்டுதோறும் நான் முதலில் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. சிவப்பு வெங்காயத்தின் தடித்த இதழ் ஒன்றை ஒடித்து, அதன் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஊதா நிறத் தோலை இடுக்கியால் மெல்ல உரித்து, கண்ணாடி வில்லையின் மீது ஒரு சொட்டு நீரில் பரப்பி நுண்ணோக்கியில் வைத்தால், செங்கல் அடுக்கியது போல நீண்ட அறைகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வோர் அறையும் விளிம்பு வரை ஊதா நிறத்தால் நிறைந்திருக்கும். வாக்குவோல் என்னும் நீர்ப்பையில் கரைந்துள்ள நிறமியே அந்த நிறம். இப்போது வில்லையின் ஒரு பக்கத்தில் அடர்த்தியான உப்புநீரை ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சச் செய்தால், சில நிமிடங்களில் ஊதா நிறம் அறையின் மூலைகளை விட்டு விலகத் தொடங்கும். சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். உள்ளே இருப்பது மட்டும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நடுவே ஓர் உருண்டையாகத் திரண்டு, முன்னைவிடக் கருத்துத் தெரியும்.

அப்படிக் கருப்பது ஏன் என்று மாணவர்களைக் கேட்பேன். நீர் வெளியேறிவிட்டது, நிறமி வெளியேறவில்லை, ஆகவே குறைந்த நீரில் அதே அளவு நிறமி இருக்கிறது என்ற விடை சற்று யோசித்தால் கிடைத்துவிடும். அடுத்த கேள்விதான் கடினமானது: சுவருக்கும் சுருங்கிய உருண்டைக்கும் இடையே உண்டான வெற்றிடத்தில் இப்போது என்ன இருக்கிறது? பெரும்பாலோர் காற்று என்பார்கள். அங்கே இருப்பது நாம் ஊற்றிய உப்புநீர். செல் சுவர் உப்பையும் நீரையும் ஒருசேர உள்ளே விட்டுவிடுகிறது. அதற்கும் உட்புறம் கண்ணுக்குத் தெரியாத வேறொன்று நீரைப் போகவிட்டு உப்பையும் நிறமியையும் தடுத்து நிறுத்துகிறது. அதுவே செல் சவ்வு. இந்த உரை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் கண்ட சிற்றறைகளுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய செல்களின் சுவர்கள் மட்டுமே. சவ்வை அவரால் பார்த்திருக்க முடியாது, ஏனெனில் அதன் தடிமன் ஏறத்தாழ 8 நானோமீட்டர். சாதாரணத் தாள் ஒன்றின் தடிமனை எட்ட வேண்டுமானால், அத்தகைய சவ்வுகள் 12,000-க்கும் மேல் ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கப்பட வேண்டும். ஒளி நுண்ணோக்கியால் பிரித்தறியக்கூடிய அளவுக்கு வெகு கீழே இருப்பதால், நெடுங்காலம் அதன் செயலைக் கொண்டே அதன் அமைப்பை ஊகிக்க வேண்டியிருந்தது.

அந்த ஊகத்தின் வரலாறு அழகானது. 1890களில் ஓவர்டன் என்ற அறிவியலாளர், கொழுப்பில் எளிதில் கரையும் பொருள்கள் செல்லுக்குள் விரைவாக நுழைவதையும், நீரில் மட்டும் கரைபவை தயங்கி நிற்பதையும் பல பொருள்களைச் சோதித்துக் கண்டார். சவ்வு கொழுப்பு போன்ற பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. 1925இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டரும் கிரெண்டலும், உட்கருவோ உட்சவ்வுகளோ இல்லாத இரத்தச் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் கொழுப்பைப் பிரித்து நீர்ப்பரப்பின் மீது ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரப்பியபோது, அது சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல இருமடங்கு இடத்தை நிறைத்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது என்றனர். அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை, சிவப்பணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தனர் என்பது பின்னாளில் தெரியவந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டதால் முடிவு மட்டும் சரியாக அமைந்துவிட்டது.

அந்த ஈரடுக்கில் உள்ளவை பெரும்பாலும் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் நீரோடு இணங்கும் ஒரு தலையும், நீரிலிருந்து விலகும் இரண்டு வால்களும் உண்டு. நீரில் விடப்பட்டதும் வால்கள் உட்புறம் ஒளிந்துகொள்ள, தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்க, எவரும் கட்டாமலே அது தானாக அமைந்துவிடுகிறது. அதில் புரதங்கள் அங்கங்கே பதிந்தும் நகர்ந்தும் இருக்கின்றன என்று 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினர். செல்லின் வெளி எல்லை மட்டுமன்றி, உட்கருவின் உறையும், மைட்டோகாண்ட்ரியாவின் இரு உறைகளும், எண்டோபிளாச வலையும், கோல்கை உறுப்பும் இதே வகைச் சவ்வுகளால் ஆனவையே.

இந்த எண்ணெய்ப் பசையுள்ள நடுப்பகுதியை யார் கடக்க முடியும்? ஆக்சிஜனும் கார்பன்-டை-ஆக்சைடும் தடையின்றிக் கடந்துவிடுகின்றன. குளுக்கோஸ் தானாகக் கடப்பது மிக அரிது. சோடியம் அயனி மிகச் சிறியதாயினும் அதன் நிலை இன்னும் மோசம். மின்னூட்டம் கொண்ட அது நீர் மூலக்கூறுகளைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டிருப்பதால், அந்தப் போர்வையைக் கழற்றிவிட்டு எண்ணெயில் இறங்குவதற்குப் பெரும் ஆற்றல் வேண்டும். வெறும் ஈரடுக்கை மட்டும் கணக்கில் கொண்டால், நீரைவிட ஏறத்தாழ நூறு கோடி மடங்கு மெதுவாகவே சோடியம் அதைக் கடக்கும்.

நீர் கடப்பதைச் சவ்வூடு பரவல் என்கிறோம். உப்பு நீரை ‘இழுக்கிறது’ என்று பேச்சு வழக்கில் நானும் சொல்வதுண்டு. ஆனால் நீர் மூலக்கூறுகள் இரு திசையிலும் ஓயாமல் போய் வந்துகொண்டே இருக்கின்றன என்பதையும், கரைபொருள் மிகுந்த பக்கத்திலிருந்து திரும்புபவை குறைவாக இருப்பதால் நிகர ஓட்டம் அந்தப் பக்கம் நோக்கி அமைகிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். சுவர் இல்லாத சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால் நீர் உட்புகுந்து அது வெடித்துவிடும். இரத்தக் குழாய் வழியே ஏற்றும் உப்புநீரை 0.9 விழுக்காடு என்ற அளவில் தயாரிப்பதன் காரணம் இதுவே.

நீர் இவ்வளவு விரைவாகக் கடப்பதற்கு ஈரடுக்கு மட்டும் போதாது என்ற ஐயம் நீண்ட நாள் இருந்தது. 1992இல் பீட்டர் ஆக்ரியின் குழுவினர், சிவப்பணுச் சவ்வில் தாம் கண்ட ஒரு புரதத்தைத் தவளையின் முட்டைச் செல்களில் உருவாகச் செய்து, அவற்றை நீர்த்த கரைசலில் இட்டபோது, அவை வீங்கி வெடித்தன. அந்தப் புரதம் இல்லாத முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீருக்கென்றே அமைந்த அந்தக் கால்வாய்க்கு அக்வாபோரின் என்று பெயர். ஒரே கால்வாய் வழியாக ஒரு நொடியில் ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்லக்கூடும், ஆனால் ஒரு புரோட்டான்கூடக் கூடவே நழுவிச் செல்வதில்லை. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்வதற்கு இந்தக் கால்வாய்களே பெரிதும் துணை. ஆக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் ஓட்டங்கள். எல்லாமே இப்படிச் சமநிலையை நோக்கிப் போய்விட்டால் செல் பிழைக்காது. செல்லுக்கு வெளியே ஒரு லிட்டருக்கு 145 மில்லிமோல் அளவில் இருக்கும் சோடியம், உள்ளே 12 அளவில்தான் இருக்கிறது. பொட்டாசியமோ வெளியே 4, உள்ளே 140. இந்த வேறுபாடு ஒரு முறை ஏற்படுத்தி விட்டுவிடக்கூடியது ஒன்றன்று; கசிவு இருந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு நொடியும் அதைப் பேணியாக வேண்டும். 1957இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ, நண்டுக் கால்களின் நரம்புகளில் இதைச் செய்யும் நொதியைக் கண்டறிந்தார். அந்தச் சோடியம்-பொட்டாசியம் பம்பு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. நாம் அசையாமல் படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. ஆக்சிஜன் தடைப்பட்டு இந்தப் பம்பு நின்றால், சோடியம் உட்கசிந்து, நீர் அதைப் பின்தொடர்ந்து, செல் வீங்கத் தொடங்கும்.

புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் பம்பு வழியாகவோ கால்வாய் வழியாகவோ நுழைவதில்லை. சவ்வே உட்குழிந்து அவற்றைச் சிறு பையாகச் சூழ்ந்து விழுங்கிக்கொள்கிறது. இது தனி உரைக்குரிய செய்தி. நான் பம்பிலிருந்து நேராகக் குடலுக்கு வருகிறேன், ஏனெனில் இதுவரை பேசியவை அனைத்தும் சந்திக்கும் இடம் அது.

சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால் மட்டுமே அது திரும்பிக் கொடுத்து உள்ளே விடும். செல்லின் மறுபுறத்தில் பம்பு ஓயாமல் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டிருப்பதால் உள்ளே சோடியம் குறைவாக இருக்கிறது. அந்தச் சரிவில் சோடியம் இறங்கும்போது குளுக்கோஸையும் இழுத்துச் செல்கிறது. இந்த இணைப்பை ராபர்ட் கிரேன் 1960இல் எடுத்துரைத்தார். காலரா நஞ்சு செய்வதென்ன என்றால், குடற்செல்களின் குளோரைடு கால்வாய்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடும் சோடியமும் குடலுக்குள் வெளியேற, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. அந்நிலையில் வெறும் நீரைக் குடித்தால் அது நிற்பதில்லை; இழந்த உப்பையும் அது ஈடுசெய்வதில்லை. ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து ஏற்றும் அந்தக் கடத்தியை நஞ்சு தொடுவதில்லை. ஆகவே உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கலந்து கொடுத்தால், இரண்டும் இணைந்து உள்ளே போக, நீர் அவற்றின் பின்னால் போகிறது.

1971இல் வங்காள எல்லையிலிருந்த பங்காவ் அகதி முகாமில், இரத்தக் குழாய் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, கரைசல் பெற்றவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நண்டின் நரம்பிலும் சோதனைக்கூடக் குடல்துண்டுகளிலும் கண்டறிந்த செய்தி, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தரையில் படுத்திருந்த நோயாளிகளின் உயிரைக் காத்தது என்பதை இன்றைக்கும் நெகிழாமல் என்னால் சொல்ல முடிவதில்லை.

2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். என்னும் வாய்வழி நீரேற்றுக் கரைசலுக்கான பொடியில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும், 2.6 கிராம் சோடியம் குளோரைடும், இவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட் உப்பும் உள்ளன. கரைபொருளின் மொத்தச் செறிவு லிட்டருக்கு முன்பிருந்த 311 மில்லிஆஸ்மோல் என்ற அளவிலிருந்து 245 ஆகக் குறைக்கப்பட்டது. அது இரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவு, ஆதலால் நீர் குடலிலிருந்து உடலுக்குள் செல்வது எளிதாகிறது. ஒரு லிட்டருக்கான அந்தப் பொடியைச் சத்து கூடட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒரே ஒரு குவளை நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டால், குடலுக்குள் இருக்கும் கரைசல் இரத்தத்தைவிடப் பன்மடங்கு அடர்த்தியாகி, நீர் குழந்தையின் உடலிலிருந்து குடலுக்குள் இறங்கத் தொடங்கும். நுண்ணோக்கியின் அடியில் அந்த ஊதா நிறம் சுவரை விட்டு விலகியது இதே காரணத்தால்தான்.

வணக்கம்.